"அடுத்த வருசம் மாத்திக்கலாம்"

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு வந்துவிட்டால் உங்கள் பத்திரிகையில் தினமும் ஒரு பக்கம் அதற்கே போய்விடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிராஞ்ச், போன வருடம் கட்-ஆஃப் எவ்வளவில் நின்றது என்று எல்லாம் வருகிறது. நல்லதுதான், நானும் வாசிக்கிறேன். ஆனால் சேர்க்கை மேசைகளில் காலையிலிருந்து மாலை வரை சொல்லப்படுகிற ஒரு வாக்கியத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி பார்த்ததில்லை. "இப்போ கிடைச்சதுல சேந்துக்கங்க, அடுத்த வருசம் பிராஞ்ச் மாத்திக்கலாம்."

அந்த வாக்கியத்தை நானே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொங்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, 29 வருடம் வேலை பார்த்து, 2023-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். டி.சி., போனஃபைட், பஸ் பாஸ் விண்ணப்பம், அரியர் கட்டணம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். பிராஞ்ச் மாற்ற விண்ணப்பமும் அப்படித்தான். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தவிர, இது அந்த ஒரு கல்லூரியின் கதையும் இல்லை.

போன மாதம் பவானி பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று நிறுத்தினார். முகம் தெரிந்தது, ஆள் யாரென்று பிடிபடவில்லை. "சிவில்ல படிச்ச புள்ளையோட அப்பனுங்க" என்றார். உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. ஜமக்காளத் தறி போட்டிருப்பவர். மகளைச் சேர்க்க 2018-ல் வந்தவர். இப்போது மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறானாம். "ஒரு காலேஜ்ல விசாரிச்சமுங்க. மெக்கானிக்கல் கிடைச்சாலும் வந்து சேருங்க, அடுத்த வருசம் கம்ப்யூட்டருக்கு மாத்தித் தர்றோங்கறாங்க. மெய்யாலுமே மாத்துவாங்களா?"

அதே மனிதர், அதே கேள்வி. அன்றைக்குப் பதில் சொன்னவளிடமே வந்து கேட்கிறார். குத்திக்காட்டுகிற மாதிரி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

2018-ல் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறிய வருடம் அது. அதற்கு முன்பு, ஒற்றைச் சாளர முறை வந்த 1997-லிருந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிண்டிக்கு அண்ணா பல்கலைக்கழகம் போக வேண்டும். பாதிக் கட்டணத்தில் பஸ், மரத்தடியில் சோற்றுப் பொட்டலம், உள்ளே பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் மிச்சமிருக்கும் இடங்கள். நம் முறை வருவதற்குள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். அது ஒருவித வதை. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆன்லைன் வந்ததும், விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் போட வேண்டும் என்றானது. கம்ப்யூட்டர் சென்டரில் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பையன் டைப் அடித்துக் கொடுப்பான். இந்தப் பெண்ணுக்கு அந்தப் பையன் சொன்ன யோசனை இது: "நல்ல காலேஜா மேல போடுங்க. பிராஞ்ச் எதா இருந்தா என்ன, ஒரு வருசத்துல மாத்திக்கலாம்."

அவள் கட்-ஆஃப் 171.5. பட்டியலில் எங்கள் கல்லூரி சிவில் மேலே போனது. அவளுக்கு நிச்சயமாகக் கிடைத்திருக்கக்கூடிய கம்ப்யூட்டர் சயின்ஸ், பக்கத்து ஊரில் அவ்வளவு பெயரில்லாத ஒரு கல்லூரியில், பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தது. ஒதுக்கீடு மேலேயே நின்றுவிட்டது. பட்டியலின் வரிசையையே முடிவு செய்தது அந்த வாக்கியம்தான். என்னிடம் வரும் முன்பே அது பாதி வேலையை முடித்துவிட்டது.

அப்பாவும் மகளும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஃபைலில் சான்றிதழ்கள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ். "ஏனுங்க மேடம், கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாம்னு சொல்றாங்களே, மெய்யுங்களா?" என்று கேட்டார். நான், "ஆமாங்க, நல்லாப் படிச்சா மாத்திக்கலாம்" என்றேன்.

பொய் இல்லை. எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு வழி இருந்தது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில், பச்சை ஃபைலில், முந்தைய வருடக் கணக்கும் இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 38 பேர். கிடைத்தது 3 பேருக்கு. அதை நான் சொல்லவில்லை. சொல்லாதீர்கள் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் சேர்க்கை நாட்களில் மேசையில் உட்காருகிறவர்களுக்கு, சொல்லக்கூடாதது எது என்று தெரியும். சிவிலில் அந்த வருடம் இடங்கள் நிரம்பாமல் கிடந்தன.

பிராஞ்ச் மாற்றம் எப்படி நடக்கிறது என்று பெற்றோர்களுக்குத் தெரியாது. நிறையப் படித்தவர்களுக்கே தெரியாது. எங்கள் கல்லூரியில் நடந்த விதத்தைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை எல்லாம் கேட்ட பிராஞ்சுக்கு மாற்றிவிடுவதில்லை. அந்தப் பிராஞ்சில் யாராவது இடத்தைக் காலி செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டு செக்‌ஷன், 120 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட்டு யார் போவார்கள்? நீட் மறுபடி எழுதி மருத்துவம் கிடைத்த ஒன்றிரண்டு பேர் போவார்கள். குடும்பக் கஷ்டத்தால் நின்றவர், ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பியவர் என்று இன்னும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். அந்தக் காலி இடத்துக்கும் இன்னொரு வரிசை நிற்கிறது. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வருகிறவர்கள். முதலாண்டில் காலியான இடங்கள் அவர்களுக்கும் போகும். காரைக்குடியில் அவர்களுக்குக் கலந்தாய்வு நடக்கும்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு பரபரப்பு இருக்கும், இந்த இடத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடம் கலந்தாய்வுக்கு, மிச்சம் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு. நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கியவர் போய்விட்டால், அந்த இடம் கலந்தாய்வில் சிவிலுக்கு வந்த தறிக்காரர் மகளுக்குப் போகுமா? இதை எழுத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வாய்மொழியாகக் கேட்டவர்களுக்கு வாய்மொழியாக ஒரு சிரிப்பு கிடைத்தது.

சிவில் துறைத் தலைவரின் பக்கமும் இருக்கிறது. கண்டிப்பானவர், நல்ல மனுஷன். ஒவ்வொரு வருடமும் இந்த ஃபைல் அவர் கையெழுத்துக்குப் போகும்போது கொதிப்பார். "முதல் ரேங்க்கும் ரெண்டாவது ரேங்க்கும் நீங்க எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மிச்சத்தை வெச்சு நான் ரிசல்ட் காட்டணும். காட்டலைன்னா என்னைக் கேப்பீங்க" என்பார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மாற்றத்தை அனுமதிக்கிற பெரிய கல்வி நிறுவனங்கள்கூட, விட்டுப்போகிற துறையில் மாணவர் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, கிடைத்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் செமஸ்டர் தேர்வு முடிந்து, ரிசல்ட் வந்து, மறுமதிப்பீடு போட்டு, அப்புறம் விண்ணப்பம் வாங்கி, கமிட்டி கூடி, மேலிடத்து ஒப்புதல் வருவதற்குள் மூன்றாம் செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். மாறிப்போகிற பிள்ளை அங்கே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் நடுவில் போய் உட்காரும். மற்றவர்கள் இரண்டாம் செமஸ்டரிலேயே சி நிரலாக்கம் படித்துவிட்டார்கள், இது படிக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பாடத்தைத் தனியாக எழுதித் தேற வேண்டும். முதல் வருடம் ஒன்பதுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. (பத்துக்குப் போடுகிற சராசரி மதிப்பெண்) வைத்திருந்த ஒரு பையன், மாறின முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் வைத்துவிட்டு, அரியர் கட்டணம் கட்ட என் மேசைக்கு வந்தான். தலை நிமிரவில்லை. "பரவாயில்ல தம்பி, அடுத்த தடவை எடுத்துடுவே" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

முதல் வருடம் முழுக்க அவள் சிவில் வகுப்பில் விருந்தாளி மாதிரி இருந்தாள் என்று பின்னால் அவள் தோழிகள் சொன்னார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தானாம். எப்படியும் போகப் போகிறோமே என்ற நினைப்பு. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள். ஆங்கிலத்தில் நடக்கிற கணிதத்தைக்கூடச் சமாளித்துவிட்டாள். அவளை வாரிவிட்டது எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் என்கிற வரைபடப் பாடம். டிராஃப்டரை, அதாவது கோடு போடுகிற கருவியை, பலகையில் எப்படி மாட்டுவது என்றே தெரியாமல் வந்த பிள்ளை. ஒரு சீனியரிடம் இருநூறு ரூபாய்க்குப் பழைய டிராஃப்டர் வாங்கினாள், அதன் திருகு நிற்காது. கோடு ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் சாய்ந்து போகும். அந்தப் பாடத்தில் பி பிளஸ் வந்தது. ஓ கிரேடுக்குப் பத்து, பி பிளஸ்ஸுக்கு ஏழு. மற்றதெல்லாம் ஓவும் ஏ பிளஸ்ஸுமாக இருந்தும் சி.ஜி.பி.ஏ. 8.94-ல் நின்றுவிட்டது.

அந்த வருடம் விண்ணப்பங்கள் 44. காலி இடம் 2. கடைசியாக எடுக்கப்பட்டவரின் சி.ஜி.பி.ஏ. 9.21. நோட்டீஸ் போர்டில் இரண்டு பெயர் மட்டும் ஒட்டினோம். சி.ஜி.பி.ஏ. எழுதவில்லை, எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதவில்லை. எழுதினால் பெற்றோர் வந்து சண்டை போடுவார்கள் என்பது நிர்வாகத்தின் பயம்.

அன்று மதியம் அவள் வந்தாள். அழவில்லை. "எனக்கு மேல எத்தனை பேருங்க மேடம்?" என்று கேட்டாள். பட்டியல் என் மேசை டிராயரில் இருந்தது. அவள் ஏழாவது. "தெரியாது கண்ணு, கமிட்டிதான் பாத்துச்சு" என்றேன். "அடுத்த வருசம் மறுபடி போடலாமா?" என்றாள். ஒரு தடவைதான் என்றேன். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்றாம் செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. சர்வேயிங் வகுப்பில் அதுவரை கவனமே வைக்காமல் இருந்தவள், அதற்கப்புறம்தான் நோட்டே வாங்கினாளாம்.

ஏழாவது என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இன்னொரு கால் மார்க் எடுத்திருந்தால், அந்தத் திருகு சரியாக இருந்திருந்தால் என்றெல்லாம் அவள் யோசித்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டியதில்லை. ஆறு பேர் மேலே இருந்தார்கள். கிராஃபிக்ஸில் ஓ வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காது. நான் சொல்லாமல் விட்டதில் அந்தச் சின்ன ஆறுதலும் போய்விட்டது.

2022-ல் படிப்பு முடித்து நோ டியூஸ் வாங்க வந்தாள். லேப், ஹாஸ்டல், ஆபீஸ் எல்லாம் கையெழுத்தாகிவிட்டது, நூலகத்தில் மட்டும் ஒரு புத்தகம் பாக்கி. சி நிரலாக்கப் புத்தகம், 2019 ஜனவரியில் எடுத்தது. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ஒரு முனை மடங்காமல் இருந்தது. ஊரடங்கு நாட்களைக் கழித்தும் அபராதம் நானூற்றுச் சில்லறை வந்தது. கட்டிவிட்டாள். நூலகர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு காகிதம் விழுந்தது. கணக்கு நோட்டில் கிழித்த தாள். இரண்டு செமஸ்டர் பாடங்களும் வரிசையாக, பக்கத்தில் கிரெடிட், அதற்குப் பக்கத்தில் வரும் என்று நினைத்த கிரேடு. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி. கிராஃபிக்ஸுக்கு நேரே மட்டும் மூன்று தடவை அழித்திருந்தது. நூலகர் அதை என்னிடம் காட்டினார். அவளிடம் திருப்பிக் கொடுத்தோம். "வேண்டாங்க மேடம்" என்று சொல்லி மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

இப்போது கோயம்புத்தூரில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அப்பா சொன்னார். சந்தோஷம். "பாத்தியா, சிவிலும் நல்ல படிப்புதான்" என்று இதை வைத்துச் சிலர் பாடம் எடுப்பார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை. சிவில் நல்ல படிப்பு என்பது வேறு, ஒரு பிள்ளையை அரைகுறைத் தகவலில் அதில் உட்காரவைத்தது வேறு.

எந்தப் பிராஞ்ச் உசத்தி என்பதும் நிலையாக இருப்பதில்லை. நான் பார்த்தவரை, 2000-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டருக்குக் கூட்டம் முண்டியது. அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்த பிறகு ஐ.டி. வகுப்பில் காலி பெஞ்ச். அப்புறம் கொஞ்ச காலம் எலெக்ட்ரானிக்ஸ்தான் ராஜா. 2013, 14 வாக்கில் மெக்கானிக்கலுக்கு அடிதடி. கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து மெக்கானிக்கலுக்கு மாற்றச் சொல்லி எழுதிய விண்ணப்பங்களை இந்தக் கையால்தான் ஃபைல் செய்தேன். இப்போது மறுபடி கம்ப்யூட்டர். ஒரு பிராஞ்சுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல், தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் செக்‌ஷன்கள் பெருகுகின்றன. அப்படியானால் இந்த வாக்கியத்துக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன். இருக்கிறது, உருமாறி இருக்கிறது. "ஏ.ஐ. டேட்டா சயின்ஸ்ல சேருங்க, ப்யூர் சி.எஸ்.இ.க்கு மாத்திக்கலாம்" என்று சொல்கிறார்களாம். கேட்டபோது சிரிப்புதான் வந்தது.

என் பெரியண்ணன் பி.யு.சி. (அன்றைய புகுமுக வகுப்பு) முடித்துவிட்டு ஐந்து வருட பி.இ. படித்தவர். அவர் காலத்தில் முதலில் எல்லோருக்கும் ஒரே பாடம், அப்புறம் மதிப்பெண்படி பிராஞ்ச். அதிலும் அழுதவர்கள் உண்டு. ஆனால் உள்ளே நுழையும்போதே எல்லோருக்கும் ஆட்டத்தின் விதி தெரியும். இன்னொரு பக்கம், மும்பை ஐ.ஐ.டி. உட்படச் சில ஐ.ஐ.டி.கள் பிராஞ்ச் மாற்றத்தையே நிறுத்திவிட்டன. முதல் வருடத்தை இன்னொரு நுழைவுத் தேர்வாக நினைத்துப் பிள்ளைகள் நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நிறுத்துவது சரியா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டு மூன்று பேருக்குக் கிடைக்கிற கதவை ஏன் மூட வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஆனால் "கிடையாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த நேர்மை எங்கள் மேசையில் இருந்ததில்லை.

உண்மையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேறு வழிகளையும் சேர்த்துச் சொல்லலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறொரு துறையில் மைனர், அதாவது பட்டத்தோடு ஒரு துணைத் துறை, வாங்க வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை, வேறு கல்லூரியில் எந்தப் பிராஞ்சில் இருந்தாலும் சேர்த்துப் படிக்கலாம். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளையும் எடுக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிகள் எங்கள் கேம்பஸுக்கு வருடா வருடம் வந்தன. சேர்க்கை அன்றே இதைச் சொன்னால் ஒரு பிள்ளை முதல் வருடத்தை வேறு மாதிரி வாழும். யாரும் சொல்வதில்லை. "மாத்திக்கலாம்" என்ற ஒரே வார்த்தையில் காரியம் முடிந்துவிடுகிறதே.

பஸ் ஸ்டாண்டில் அவரை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, அவர் கையிலிருந்த ஜவுளிக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். போன மூன்று வருடத்தில் இந்தக் கல்லூரியில் எத்தனை பேர் இந்தப் பிராஞ்சுக்கு மாற்றம் கேட்டார்கள்? எத்தனை பேருக்குக் கிடைத்தது, கடைசியாகக் கிடைத்தவரின் சி.ஜி.பி.ஏ. எவ்வளவு? மூன்றாம் செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பு முடிவு தெரியுமா? இந்த மூன்றுக்கும் பதிலை லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள் என்றேன். இந்தக் கணக்கு எல்லாக் கல்லூரி அலுவலகத்திலும் இருக்கிறது. பச்சை ஃபைல் இல்லாவிட்டால் நீல ஃபைல். தொகுக்க ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் மனது வைத்தால், கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்திலேயே இதையும் போடச் சொல்லலாம். உங்கள் பத்திரிகை அந்தக் கட்-ஆஃப் பட்டியலில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போடலாம். கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். வெட்ட வேண்டியிருந்தால் என் அண்ணனை வெட்டுங்கள், அந்த மூன்று கேள்விகளை விட்டுவையுங்கள்.

போன வாரம் அவர் ஃபோன் செய்தார். முதல் கல்லூரியில், சேர்க்கை மேசையில் இருந்த பெண் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாருங்க எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாளாம். இரண்டாவது கல்லூரியில் பில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, பிரின்சிபால் மீட்டிங்கில் இருக்கிறார், அப்புறம் வாங்க என்றாராம். பில்லைத் திருப்பித் தரவில்லை. "மறுபடி எழுதித் தர்றீங்களா மேடம்?" என்று கேட்டார்.

எழுதித் தந்திருக்கிறேன், இந்தத் தடவை நல்ல தாளில் இரண்டு பிரதி. திங்கட்கிழமை மூன்றாவது கல்லூரிக்குப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)